ஊசிக்கு வராத பை

— மெதுவா பேசு செல்வி. ரோஸி உள்ள தறியில இருக்கா.

— தறி ஓடற சத்தத்துல அவளுக்கு இன்னா கேக்கும்க்கா? நான் சொன்னது உனக்குப் புரிஞ்சிதா?

— பதினெட்டு வயசாயும் பொண்ணு வயசுக்கு வரலியேன்னு வேலூருக்கு ஸ்கேன் எடுக்க உன்னோட அனுப்பினேன். நீ வந்து கர்ப்பப்பையே இல்லன்ற. ஞாயித்துக்கெழம கோயில்ல பாதிரியாரு கல்யாண ஓலை வாசிச்சி ஊருக்கே சொல்லப் போறாரு. மாப்ள வூட்டுக்கு எதுவும் தெரியாது.

— மொதல்ல ரோஸிகிட்ட சொல்லு. அப்புறம் அவ சம்மதிச்சா மாப்ள கிருபாகரன்கிட்ட சொல்லலாம்.

— ஒரு ஊசி போட்டுப் பாரேன். ஆஸ்திரேலியாவுல கங்காருக் குட்டிங்களுக்கு ஹார்மோன் குடுத்து ஆணு பொண்ணு மாத்திகினு இருந்தேன்னு நீதானே சொன்ன?

— மாத்தல. மாறுதான்னு பாத்தோம். கண்ணு தொறக்காத குட்டிங்க, அவரைக்கொட்ட அளவுதான் இருக்கும். ஆண் குட்டிக்கு பெண் ஹார்மோன் குடுத்தோம். உள்ள சிலது மாறிச்சி, வயித்து மேல குட்டி சொமக்கற பை மட்டும் வரல. பொட்டக் குட்டிக்கு ஆண் ஹார்மோன் குடுத்தோம். இருந்த பை போகல. ஹார்மோன் சுரக்கறதுக்கு முன்னாடியே அது முடிவாயிடுது.

— என் வயிறு எரியுது, நீ கங்காரு கத சொல்லிகினு இருக்க.

— நீ கேட்ட, சொன்னேன். மனுஷங்களுக்கு வேற கணக்கு. நம்ம உடம்ப ஹார்மோன்தான் உருவாக்குது. ரோஸி உன் வயித்துல இருக்கச்ச, ஆம்பளப் புள்ளைக்கு சுரக்கற ஹார்மோனுங்க அவளுக்கு சுரந்துச்சி; கர்ப்பப்பையத் தடுக்கறது பேச்ச அவ உடம்பு கேட்டுது, ஆம்பளயாக்கறது பேச்ச கேக்கல. அதான் வெளிய முழுப் பொண்ணு, உள்ள பை இல்ல. இனிமே எந்த ஊசியும் அதக் கொண்டாராதுக்கா.

— நான் இன்னா பாவம் பண்ணேன்?

— பாவமும் இல்ல, சாபமும் இல்ல. சில குடும்பத்துல தாய் வழியா வரும்.

— என் தலையிலயே போடறியா? தோ, தறி நின்னுடிச்சி. கேட்டுகினு இருக்கா.

— கேக்கட்டும். அவ உடம்பு.

— ஒண்ணு பெத்திருந்தா இப்டி பேசுவியா? படிப்பு படிப்புன்னு கல்யாணமே வேணான்னவதானே நீ. தாய் வழின்னா நம்ப வூட்ல யாருக்கு இருந்துச்சி, சொல்லு. அம்மாவுக்கா? எனக்கா?

— எனக்கு மஞ்சத்தண்ணி ஊத்தனாங்களே, அன்னிக்கு அத்தைங்ககிட்ட அம்மா காட்டின பாவாடையில இருந்தது என் ரத்தம் இல்லக்கா. உன்னுது.