திரும்பிவந்தான் பொட்டல்

ரொம்ப காலத்துக்கு முந்தி, தீப்பெட்டி வராத காலம்னு வச்சுக்கங்க, பக்கத்து வீட்டு அடுப்புல கங்கு வாங்கியாந்துதான் நம்ம வீட்டு அடுப்பு எரியும், அந்தக் காலத்துல இந்த வெள்ளூரணியில உடையப்பன்னு ஒருத்தரு இருந்தாராம். கம்மாய்க்குக் கெழக்க இருக்கிற நஞ்சை பூராம் அவருதாம். வீட்டுல குதிரு குதிரா நெல்லு கெடக்குமாம். மனுசன் கெட்டவரு இல்ல. கஞ்சனும் இல்ல. அத இப்பவே சொல்லிப்புடுறேன். இல்லாட்டி பாதிக் கதையில நீங்க அவர வைய ஆரம்பிச்சிருவீக.

அவருக்கு ஒரு ஆசை. விசேசம் வைக்கணும். பசு கன்னு போட்டா விருந்து. கெணத்துல தண்ணி ஊறுனா கெடா வெட்டு. மழை பேஞ்சா ஒரு விருந்து, பேயலைன்னா மழைக்கு வேண்டிக்கிட்டு ஒரு விருந்து. இந்தப் பந்தக்காலப் பிடுங்குறதுக்குள்ள அடுத்த பந்தலுக்கு நாள் பாத்துருவாராம்.

சுத்துப்பட்டு ஊரெல்லாம் வரும். வருவாக, திம்பாக, போவாக. வருவாக, திம்பாக, போவாக.

உடையப்பன் எங்க இருப்பாரு? அடுப்படியில இருப்பாரு. "ஏப்பா, கொழம்புல காரம் பத்தல! ஏப்பா, சோத்தக் கொழைய விட்றாதீக!" அடுப்படிய விட்டு வந்தாருன்னா பந்தல் முகப்புல, பெரிய மனுசங்க பக்கத்துல. சந்தனம்னு ஊருக்கு மூத்தவரு ஒருத்தரு. அவருக்கு வெத்தல மடிச்சுக் குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பாராம். மறுநா விடிஞ்சதும் பொண்டாட்டிகிட்டக் கேக்குறது ஒரே கேள்வி. "சோறு எம்புட்டு மிச்சம்?" மிச்சம் இல்லேன்னா சந்தோசம். மிச்சம் இருந்தா அதுவும் சந்தோசம். "பாத்தியா, தின்னு மாளல!"

பொண்டாட்டி பேரு செகப்பி. அந்தம்மா ஒரு நா கேட்டுச்சாம்.

"நேத்து யாரு யாரு வந்தாக?"

"ஊரே வந்துச்சு."

"ஊரு வந்துச்சு, சரி. ஆளு யாரு வந்தா?"

அவருக்குச் சொல்லத் தெரியல. "வந்தவுகளுக்குத் தெரியும்"னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாராம்.

இப்பிடி இருக்கயில, அவுக மக நாச்சியாவுக்குக் காதுகுத்து வந்துச்சு. ஒரே மக. கோயில் கோயிலா ஏறி எறங்கிப் பெத்த பிள்ள. சும்மா இருப்பாரா? அதுவரைக்கும் போடாத பந்தலா ஒரு பந்தல் போட்டாரு.

காதுகுத்துன்னா தாய்மாமன் வேணும்ல? எம்புட்டுப் பெரிய பந்தலா இருந்தாலும் பிள்ள தாய்மாமன் மடியிலதான் உக்காரணும். தாய்மாமன் கொண்டாந்த தோடுதான் போடணும். செகப்பிக்குக் கூடப்பெறந்தது ஒரே தம்பி, வீரணன்னு பேரு. தாயி தகப்பன் போனப்பறம், ஒரு பஞ்சத்துல, கடற்கரைப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போயிட்டான். அக்கா கல்யாணத்தப்ப அவன் அரணாக்கயிறோட ஓடித் திரிஞ்ச சின்னப் பய. அதுக்கப்பறம் உடையப்பன் அவனக் கண்ணால பாத்ததில்ல. செகப்பிதான் உப்பு வண்டிக்காரகிட்டச் சொல்லிவிட்டுச்சாம்: "தம்பி, உன் மருமகளுக்குக் காது குத்துறோம். நீ வந்தாத்தான் குத்து."

சேதி கேட்ட பய கூலியச் சேத்து ஒரு சோடித் தோடு அடிச்சான். ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்குனான். உப்பளத்துல இருந்து நடந்தே வந்தானாம். வழியில ஓடையில தண்ணி, மொழங்கால் மட்டும் சகதி. வெயில்ல கறுத்த ஒடம்பு, உப்புல வெடிச்ச காலு. மேலுக்குத் துண்டும் இல்ல. துண்டக் குட்டிக்குப் போத்தித் தோள்ல போட்டுக்கிட்டு வந்திருக்கான்.

வந்தான். பந்தலுக்குள்ள நின்னான். ஒருத்தரும் வாங்கன்னு சொல்லல.

அந்நேரம் அடுப்படியில இருந்து முகப்புக்கு வேகமா வந்தாரு உடையப்பன். இவன், "மச்..."ன்னு வாயத் தொறந்தானாம். அதுக்குள்ள அவரு, "வந்துட்டியா? எம்புட்டு நேரம்டா? குட்டிய அங்கிட்டுக் கட்டு. அந்த வெறகப் பூராம் அடுப்புக்கிட்ட அடுக்கு. மசமசன்னு நிக்காத!"ன்னு சொல்லிட்டு, சந்தனத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

வீரணன் என்ன செஞ்சான்? சண்டை போட்டானா? போடல. குட்டியக் கட்டுனான். வெறக அடுக்குனான். அடுக்கி முடிச்சு, இடுப்புல தோடு முடிஞ்சிருந்த துணிய அவுத்துக் குட்டி கழுத்துல கட்டுனான். வந்த வழியே நடந்துட்டானாம்.

இங்க ஆசாரி ஊசியோட உக்காந்தாச்சு. பிள்ளைக்கு மொட்டை அடிச்சுச் சந்தனம் பூசியாச்சு. "எங்கப்பா தாய்மாமன்? கூப்பிடுங்க!" கூப்பிட்டா ஆளு இல்ல. செகப்பி வாசலப் பாக்குது, தெருவப் பாக்குது. குட்டி கத்துன பக்கம் திரும்புச்சு. கழுத்துல துணி. அவுத்தா தோடு.

"இந்தக் குட்டிய யாரு கொண்டாந்தா?"

"எவனோ வெறகடுக்க வந்தவன்"னாரு உடையப்பன்.

அடுப்படியில நின்ன சமையக்காரரு, "அந்தத் தம்பியா? வெறகடுக்கயில 'அக்கா நல்லாருக்கா'ன்னு எங்கிட்டக் கேட்டுச்சுய்யா. யாரு அக்கான்னு நான் கேக்கல"ன்னாராம்.

செகப்பி அழல. தோட்டக் கையில வச்சுக்கிட்டு அப்பிடியே நின்னுச்சு. சந்தனம்தான் தொண்டையக் கனைச்சாரு. "சரிப்பா, தோடு வந்துருச்சுல்ல? செகப்பிக்குச் சித்தப்பன் மகன் ஒருத்தன் அந்தா உக்காந்திருக்கான். அவனும் மாமன் மொறைதான. மடியில வச்சுக் குத்திருவோம். நேரம் போகுது, சோறு ஆறுது." உடையப்பனும் தலையாட்டப் போனாராம்.

"தோடு கொண்டாந்தவன் வெறகடுக்கிட்டுப் போறான். இன்னொருத்தன் மடியில உக்காந்து எம்மக அந்தத் தோட்டப் போடாது"ன்னுச்சு செகப்பி. "யாரையும் அனுப்பாதீக. நீங்க போங்க. அவன் வரலைன்னா நானும் எம்மகளும் அவன் போன வழியில போறோம். பந்தலும் சோறும் உங்களுக்கு இருக்கட்டும்."

ஓடுனாரு உடையப்பன். தலப்பாக்கட்டு ஒரு பக்கம் விழுந்துச்சு, செருப்பு ஒரு பக்கம் போச்சு. ஊர் எல்லைய நெருங்கையில முன்னால ஒரு கெழவரும் கெழவியும் போய்க்கிட்டிருந்தாக. தலப்பாக்கட்டும் செருப்பும் இல்லாம அவுகளுக்கு இவர அடையாளம் தெரியல.

"ஒரு ஆளு இங்கிட்டுப் போனானா?"ன்னாரு.

"போனாப்புல, கறுத்த புள்ள. எங்கள மாதிரித்தான், விசேச வீட்டுல இருந்து திரும்புது."

"நீங்க சாப்பிட்டாச்சா?"

"இல்லய்யா"ன்னுச்சாம் கெழவி. "நின்னோம். உக்காருன்னு யாரும் சொல்லல. உக்காந்திருக்கவுகளப் பாத்தா பெரிய ஆளுகளா இருக்காக. சரி, நமக்கு எடமில்லன்னு வந்துட்டோம். போன விசேசத்துலயும் இதே கததான்."

"போன தடவையுமா? அப்பறம் ஏன் இன்னிக்கி வந்தீக?"

"கூப்பிட்டாகளேய்யா."

மேல நடந்தாரு. கொஞ்சம் தள்ளி ஒரு பொம்பள, கைப்பிள்ளையோட போகுது. அதுகிட்டயும் சாப்பிட்டாச்சான்னு கேட்டாராம். "எல போட்டாலும் என்னண்ணே? பிள்ளைய வாங்க ஒரு கை இல்ல. கத்துற பிள்ளைய வச்சுக்கிட்டு எப்பிடித் திங்கிறது?"

இவரு போட்ட பந்தல்ல இருந்து இவரு கூப்பிட்ட ஆளுக பசியோட போறாக. இவரு அடுப்படியில காரம் பாத்துக்கிட்டிருந்திருக்காரு.

ஊரத் தாண்டி ஒரு பொட்டல். அங்கதான் வீரணன் உக்காந்து கால்ல முள்ளு எடுத்துக்கிட்டிருந்தான்.

"மாப்ள"ன்னாரு.

"மச்சான்"னு எந்திரிச்சான்.

"தெரியாமப் போச்சுய்யா. நீன்னு தெரியல."

"தெரியாதுதான் மச்சான். நான் சின்னப் பயலா இருந்தேன். அதுல எனக்கு வருத்தமில்ல."

"அப்பறம் ஏன்யா வந்துட்ட?"

"வெறகடுக்க வந்தவன்னே வச்சுக்கங்க. அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடிடான்னு சொல்லு இல்லையா? எனக்கு முன்னாடி வந்தவுகளும் அங்க நின்னுக்கிட்டுத்தான் இருந்தாக. நின்னு நின்னு ஒவ்வொருத்தரா நழுவுறாக. எங்கக்கா இந்த வீட்டுலயா வாக்கப்பட்டிருக்குன்னு நெனச்சேன். அங்க உக்காந்து எனக்குச் சோறு எறங்காது மச்சான்."

உடையப்பன் அவன் கையப் பிடிச்சு இழுத்தாராம். பய அசையல. உப்பு மூட்டை தூக்குன ஒடம்பு. "கெடாவத்தான் மச்சான் இழுத்துட்டுப் போவாக"ன்னான்.

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் விசேசம் வச்சதில்ல."

இவரு நிக்கிறாரு. பின்னாடி அந்தக் கெழவரும் கெழவியும் பொட்டலுக்கு வந்து சேந்துட்டாக. பிள்ளைக்காரியும் வந்துட்டா. உடையப்பன் அவுகளப் பாத்தாரு. என்ன நெனச்சாரோ, கெழவிகிட்டப் போயி, "ஆத்தா, உங்க பேரு என்ன?"ன்னு கேட்டாராம்.

கெழவி கண்ண இடுக்கிப் பாத்துச்சு. "அடடே, உடையப்பனா? எம்பேரு ராக்கு. உன் வாசலுக்கு எத்தனையோ வாட்டி வந்துட்டேன். இப்பத்தான் பேரு கேக்குற."

மனுசன் அந்த வெயில்ல கையெடுத்துக் கும்பிட்டாரு. "ராக்கு ஆத்தா, எம்மகளுக்குக் காதுகுத்து. வாங்க. அய்யா, நீங்களும் வாங்க." பிள்ளைக்காரிகிட்டப் போனாரு. பேரு கேட்டாரு. "தாயி, நீயும் வா. பிள்ளைய எங்கிட்டக் குடு, நான் வச்சுக்கிறேன்." வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு. அது அவரு மேல ஒன்னுக்குப் போச்சாம். தொடைக்கக்கூட இல்ல.

அப்பறம் வீரணனப் பாத்துச் சொன்னாரு. "நீ இங்கயே இரு மாப்ள. மேளத்தோட வந்து உன்னக் கூப்பிடுறேன். வருவியா?"

"கூப்பிட்டா வர்றேன்"னான்.

பந்தலுக்கு வந்தாரு உடையப்பன். தோள்ல யாரு வீட்டுப் பிள்ளையோ, வேட்டியெல்லாம் ஈரம், கால்ல செருப்பு இல்ல. எல்லாரும் வாயப் பொளந்து பாக்குறாக. "எல்லாரும் எந்திரிங்கய்யா"ன்னாராம். "ஒருத்தரையும் நான் வாங்கன்னு சொல்லல. சொல்லாமலே பந்தி போடப் பாத்தேன். ஊருக்கு வெளிய பொட்டலுக்கு வாங்க. மொதல்ல இருந்து கூப்பிடுறேன்."

"என்னையுமா?"ன்னாரு சந்தனம்.

"உங்களையுந்தான்யா. வெத்தல மடிச்சுக் குடுத்தேன். வாங்கன்னு சொன்னேனான்னு எனக்கே ஞாபகமில்ல."

செல பேரு வைதாக. "கிறுக்குப் பிடிச்சிருச்சா இந்த ஆளுக்கு? வந்தவுகள வெளிய போகச் சொல்லுறான்!" செல பேரு சிரிச்சாக. "நல்ல நேரம் தாண்டுதுப்பா!"ன்னு ஒரு சத்தம். ஆசாரி ஊசிய எண்ணெயில தொட்டுக்கிட்டே, "காது இருக்கு, ஊசி இருக்கு. மாமன் வரட்டும்"னாராம். சந்தனம் முணுமுணுத்துக்கிட்டே தடிய ஊனி எந்திரிச்சாரு. அவரு எந்திரிச்சா ஊரு உக்காந்திருக்குமா?

மொத்தப் பந்தலும் எந்திரிச்சுப் பொட்டலுக்குப் போச்சு. மேளக்காரரும் போனாரு. உடையப்பன் ஒவ்வொருத்தர் முன்னாடியும் நின்னு கும்பிட்டாரு. "அய்யா சந்தனம், வாங்க. ராக்கு ஆத்தா, வாங்க." பேரு தெரிஞ்சா பேரச் சொன்னாரு. தெரியாட்டி, "உங்க பேரு என்னய்யா?" கேட்டுட்டுச் சொன்னாரு. தெரியாத பேருதான் கூடுதலாம். வருசம் பூராச் சோறு போட்ட ஆளுகளோட பேர அன்னிக்குத்தான் கேக்குறாரு. செல பேருக்குக் கண்ணு கலங்கிருச்சாம். செல பேரு, "கூப்பிட்டது போதும், பசிக்குது"ன்னுட்டுப் போனாகளாம்.

வீரணன், "மொதல்ல அவுக போகட்டும் மச்சான்"னு தள்ளித் தள்ளி நின்னான். பொட்டல் காலியாகுற நேரம், செம்புல தண்ணியோட செகப்பி வந்துச்சு. அத்தனை வருசத்துக்கப்பறம் அக்காளும் தம்பியும் பாக்குறாக.

"அக்கா, நல்லாருக்கியா?"ன்னான்.

பந்தல்ல அழாத பொம்பள அங்க அழுதுச்சு. நல்லா அழுதுச்சு. உடையப்பன் கும்பிட்டு, "மாப்ள வீரணா, உன் மருமகளுக்குக் காது குத்தணும். வாய்யா"ன்னாரு. மேளம் கொட்டுச்சு. பய தண்ணியக் குடிச்சுட்டு, திரும்பி, ஊருக்குள்ள வந்தான்.

நாச்சியா மாமன் மடியில உக்காந்து காது குத்திக்கிருச்சு. வீச்சு வீச்சுன்னு கத்துனாளாம், அது வேற. சோறு ஆறிப் போச்சு. கொழம்ப மறுபடி சுட வச்சாக. அன்னிக்கு உடையப்பன் அடுப்படிப் பக்கம் போகல. கைப்பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டே பந்தியச் சுத்தி வந்தாரு. யாரு ஒண்டியா உக்காந்திருக்கா, யாருக்குத் தண்ணி இல்ல, எந்தக் கெழவருக்குக் கீழ உக்கார முடியலன்னு பாத்துக்கிட்டே வந்தாராம். கடேசி ஆளு கை கழுவுனப்பறம் வீரணன் எல போட்டு, "இப்ப நீங்க உக்காருங்க மச்சான்"னான். மச்சினன் பரிமாற, உடையப்பன் சாப்பிட்டாரு.

அதுக்கப்பறம் அவரு வைக்கிற விசேசம் கொறஞ்சு போச்சு. வருசத்துக்கு ஒன்னுதான். பேரு சொல்லிக் கூப்பிட முடிஞ்ச அளவுக்குத்தான் கூப்பிடுவாராம். ஆனா, பந்தல்ல நின்னுக்கிட்டே "ஏப்பா, காரம் பத்தல!"ன்னு அடுப்படியப் பாத்துக் கத்துறத மட்டும் சாகுற வரைக்கும் விடலன்னு சொல்லுவாக.

இன்னிக்கும் வெள்ளூரணியில கல்யாணமோ காதுகுத்தோ, எல போடுறதுக்கு முந்தி எல்லாரும் எந்திரிச்சு அந்தப் பொட்டலுக்குப் போகணும். வீட்டுக்காரக வந்து கும்பிட்டுப் பேரு சொல்லிக் கூப்பிடணும். அப்பறந்தான் பந்தி. காருல வந்து எறங்குனவுகளும் நடந்துதான் போகணும். வெளியூரு சம்பந்தகாரக மொதல்ல மொறைப்பாக, அப்பறம் போவாக. அந்தப் பொட்டலுக்குத் திரும்பிவந்தான் பொட்டல்னு பேரு. இப்ப அங்க மினி பஸ் நிக்குது. கண்டக்டரு, "திரும்பிவந்தான் எல்லாம் எறங்கு!"ன்னு சத்தம் குடுப்பாப்புல.

திரும்பி வந்தது யாருன்னு கேட்டீகன்னா, வீரணன் வழி வந்தவுக, "எங்க ஆளுதான், அவரு திரும்பலைன்னா காதுகுத்து ஏது?"ம்பாக. உடையப்பன் வழி ஆளுக நாங்க, "பந்தல்ல இருந்து ஓடிப் போயித் திரும்பி வந்தது எங்க ஆளு"ம்போம். அந்த வழக்கு இன்னும் தீரல. ரெண்டு வகையறாவும் ஒரே பந்தியில உக்காந்துதான் அதப் பேசிக்கிட்டிருக்கோம்.