வரைபடத்தில் ஒரு மேடு

கொடைக்கானலில் காபி சீக்கிரம் ஆறிவிடும், இன்ஸ்பெக்டர். குடித்துவிட்டே எழுதுங்கள். நான் சொல்வது உங்களுக்கு முழுதாக விளங்காது. அது உங்கள் குற்றமில்லை. எங்கள் கருத்தரங்குக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கும் விளங்காது.

புரோட்டான்மேல் காமா ஒளியைப் பாய்ச்சினால், சில சமயம் கேயானும் லாம்டாவும் பிறக்கும். விசித்திரத் துகள்கள் என்போம். பிறப்பதற்குமுன் புரோட்டான் ஒரு கணம் கிளர்ந்து நிற்கும். அந்த நிலைக்கு ஒத்ததிர்வு, அதாவது ரெசனன்ஸ், என்று பெயர். வரைபடத்தில் மேடாகத் தெரியும். அப்படி ஒரு மேட்டை முதலில் கண்டு சொன்னவன் நான். என் பெயர் நிற்பதே அதன்மேல்தான்.

ரஷாத் என் மாணவன். பழனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் மகன். புதிய அளவீடுகளை அலசிவிட்டு, கருத்தரங்குக்கு முந்தின நாள் ஏரிக்கரையில் என்னிடம் வந்தான்.

“சார், கோவிச்சுக்காதீங்க. அந்த மேடு நெசமில்லைங்க. பக்கத்துல இருக்கிற ரெண்டு பழைய ரெசனன்ஸ் ஒண்ணோட ஒண்ணு கலந்து அப்படிக் காட்டுது. நாளைக்கு நீங்களே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்.”

மரியாதை. பித்தளைக் குடம் நிறுத்து விற்கிற வீட்டிலிருந்து வந்து எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தான்.

மறுநாள் வெள்ளனே நடக்கக் கூப்பிட்டேன். மலைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நல்ல மூடுபனி. படம் எடுப்பதாகப் போனைத் தூக்கினேன்.

“இன்னும் ரெண்டடி பின்னால போப்பா. பாறை இருக்கு.”

போனான். நான் சொன்ன எதையும் அவன் சந்தேகித்ததில்லை, அந்த மேட்டைத் தவிர.

நான் அவனைத் தொடவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். கொஞ்சம் கீழே ஒரு புதரைப் பிடித்துத் தொங்கினான். கை நீட்டினால் எட்டும் தூரம்தான். குனிந்து, நிதானமாகவே கேட்டேன்.

“இப்பச் சொல்லு. அது இருக்கா, இல்லையா?”

“இருக்குங்க சார். இருக்குங்க. கை குடுங்க.”

கொடுத்திருக்கலாம். ஆனால் மேலே வந்ததும் மறுபடி இல்லை என்பான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு நிலையான கருத்தே கிடையாது. வேர் பிடுங்கிக்கொள்ளும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு, தொடக்க உரை என்னுடையது என்பதால், கிளம்பிவிட்டேன்.

கொலை என்றே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன். அவன் கடைசியாகச் சொன்னதை மட்டும் ஓரெழுத்து விடாமல் பதிவு செய்யுங்கள். ஆய்வுலகம் அதைப் பார்க்க வேண்டும். சாகப்போகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று உங்கள் சட்டமே நம்புகிறதே.