காரை மற்றப் பக்கம் மாற்றும் நாள்

— அது ஒண்டும் பெரிய வேலையில்ல மனே ஸ்ரீதரன். நாலு பேரிட்டச் சொல்லி வை. ஆரும் வாங்கினா காரைக் குடுத்திட்டு, தெருவில விடுற பெர்மிட்டையும் சிற்றிக்காரங்களுக்கே திருப்பிக் குடுத்திருவம்.

— சாமித்தம்பி அண்ணை, இப்பதான் பிளேனால இறங்கினனீங்கள். எயார்போட் வாசலையே இன்னும் தாண்டேல்ல, அதுக்கிடையில கார் விக்கிற கதை கதைக்கிறியள்.

— மறுகா அது என்னத்துக்கு? நான் ரெண்டு வருசமா அல்பேட்டாவில இறைச்சி வெட்டுறன். கார் இஞ்ச பார்க்டேலில எங்கட வீட்டுத் தெருவோரம் சும்மா நிக்கிது. நாயகிக்கு ஓட்டத் தெரியா.

— நீங்கள் இண்டைக்கு வாறது தெய்வநாயகி அக்காவுக்குத் தெரியுமோ?

— அவளுக்குச் சொல்லல்ல. மேல்வீட்டில நீ இரிக்கிறாய், வந்து ஏத்துவாய் எண்டு உனக்கு மட்டும்தான் போன் எடுத்தன்.

— அப்ப காரை விக்கிற கதையும் அவவுக்குத் தெரியாது.

— பெண்சாதியிட்டக் கேக்க என்ன இரிக்கி இதில? கார் என்ன அவள் ஓட்டுறதா?

— ஓட்டுறா, அண்ணை.

— ஆரு?

— உங்கட மனிசிதான். பெல்ற்றைப் போடுங்கோ. வீட்டை போய்ச் சேர அரை மணித்தியாலம் பிடிக்கும். குறுக்க விழாமல் கேட்டால் முழுக்கச் சொல்லுவன்.

— நாயகியா? வாழைச்சேனையில சைக்கிளில பின்னால இரிக்கப் பயந்தவள்.

— அந்த ஆள்தான். நீங்கள் போகேக்க என்ன சொல்லிப்போட்டுப் போனனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ? "பெர்மிட்டை விட்டிராத, விட்டா வரிசையில நிக்கிற அடுத்தவன் எடுத்திருவான், பிறகு வருசக் கணக்கில காத்திருக்கோணும். காரும் வீட்டு வாசலிலேயே நிக்கட்டும்." உதை அவ வேதவாக்கு மாதிரிப் பிடிச்சுக்கொண்டா.

— அது சரியான புத்திதானே. அந்தத் தெருவில ஒரு வீட்டுக்கும் கார் விட வளவு இல்ல. பெர்மிட் இல்லாம இரவில நிண்டா காலையில தண்ட டிக்கெற்.

— புத்தி சரிதான். ஆனால் கார் நிண்ட இடத்தில சும்மா நிக்க ஏலுமோ? மாசத்தின்ர முதல் பாதி ஒரு பக்கம், பின்பாதி மற்றப் பக்கம். நாள் வந்தால் தெரு முழுக்க அந்தப் பக்கத்தில இருந்து இந்தப் பக்கம் மாறோணும். உங்கட கார் மட்டும் தானா எழும்பிப் போகுமோ?

— அதுக்குத்தானே உன்னட்டக் கார்த் திறப்பைக் குடுத்தன்.

— ஓம், நான்தான் மாத்தினனான். மாத்திற நாளில அக்கா முதலே றோட்டுக்கு வந்திடுவா. மற்றப் பக்கத்தில ஒரு கார் எழும்பினதும் ஓடிப்போய் அந்த வெறும் இடத்துக்குள்ள நிண்டுகொள்ளுவா. குளிர்க்கோட்டும் போட்டு, கையை நீட்டிப் பிடிச்சபடி, வேற ஒருத்தரும் நுழையாமல். நான் உங்கட காரைக் கொண்டுவந்து விடுமட்டும் அசைய மாட்டா. ஒருக்கா ஒரு வான்காரன் கோண் அடிச்சு அடிச்சுப் பாத்தான். இவ அவனைப் பாத்துத் தலையைத் தலையை ஆட்டினாவே தவிர விலகேல்ல. அவன் திரும்பிப் போயிட்டான்.

— அவளா வான்காரனை மறிச்சது?

— அதுக்குப் பிறகு வந்ததுதான் கதை. எங்கட ஹோட்டல் குசினியில ஆள் போதாமல், எனக்கு அடுத்தடுத்து ரெண்டு ஷிப்ற் வந்த கிழமை. மாத்திற நாளை நான் அடியோட மறந்து போனன். அவ கதவைத் தட்டியிருக்கிறா, நான் வேலையில. விடியப் பாத்தால் இந்தப் பக்கம் ஒரு காரும் இல்லை. உங்கட காரும் இல்லை.

— இழுத்துக்கொண்டு போயிற்றாங்களா? இதை எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே.

— சொல்ல வேண்டாம் எண்டு அவதான் மறிச்சவ. கீழ் அறையில இருக்கிற அன்ரனெற்றையும் கூட்டிக்கொண்டு ட்ராம் ஸ்ரீற்காரில ஏறி, விசாரிச்சு விசாரிச்சு கார் நிக்கிற வளவைக் கண்டுபிடிச்சுப் போயிருக்கிறா. காசும் கட்டியாச்சு, துண்டும் குடுத்தாச்சு. வளவுக்காரன் எடுங்கோ எண்டு கையைக் காட்டுறான். ஆர் எடுக்கிறது? ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாது.

— மறுகா?

— அன்ரனெற் வேலைக்குப் போகோணும், எனக்குப் போனில சொல்லிப்போட்டு அவ போயிட்டா. அக்கா வீட்டில கிடந்த மற்றத் திறப்பால திறந்து காருக்குள்ள ஏறி இருந்துகொண்டா. நான் வேலை முடிஞ்சு போகும்வரைக்கும் அப்பிடியே. நான் போய்ப் பாக்கிறன், ஸ்ரியரிங்குக்கு முன்னால, ஓட்டுற சீற்றில, ரெண்டு கையையும் மடியில வச்சுக்கொண்டு இருக்கிறா. அழுதவ எண்டு முகத்தில தெரிஞ்சுது. நான் மன்னிப்புக் கேக்க வாய் எடுத்தன். அவ அதைக் காதில விழுத்தேல்ல. வழி முழுக்க நான் காலால என்ன செய்யிறன், கையால என்ன செய்யிறன் எண்டு பாத்துக்கொண்டு வந்தா. வாசலில இறங்கேக்க ஒண்டே ஒண்டுதான் கேட்டவ: "தம்பி, இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் கொண்டு போக மட்டும் காட்டித் தாங்க. வேற ஒண்டும் வேணாம்."

— அதை மட்டும் எப்பிடி மனே காட்டுற?

— நானும் அப்பிடித்தான் கேட்டனான். முதல் எழுத்துச் சோதினை எடுக்கோணும் எண்டு சொன்னன். எடுத்துக்கொண்டு வந்து நிண்டா. பிறகென்ன, பழகினது முழுக்க எங்கட வாசலிலதான். முன்னுக்கு ஒரு முழம், பின்னுக்கு ஒரு முழம். ஸ்ரியரிங்கை முழுக்க ஒடிக்கிறது, நேராக்கிறது, ரிவேர்ஸில வாறது. மற்றச் சனம் றோட்டில ஓடப் பழகி முடிச்சுக் கடைசியாத்தான் ரெண்டு காருக்கு நடுவில விடப் பழகும். அதிலதான் எல்லாரும் தடக்கி விழுறது. இவ கடைசிப் பாடத்தை முதல் படிச்சா.

— ஒண்டோடயும் முட்டல்லியா?

— முட்டாமலோ? முதல் முறை தனிய மாத்தேக்க, முன்வீட்டுக் கஸ்பரின்ர பின்லைற் போச்சுது.

— அந்தப் போலந்துக் கிழவனா? அந்தாள் பொல்லாத கோபக்காரன்.

— அவர்தான். ஒருத்தரும் பாக்கேல்ல, பேசாமல் விட்டிருக்கலாம். இவ நேர போய் அந்தாளின்ர கதவைத் தட்டி, இங்கிலீசு வராமல், உடைஞ்ச கண்ணாடித் துண்டைக் கையில வச்சுக் காட்டியிருக்கிறா. கஸ்பர் காரைப் போய்ப் பாத்தார், இவவைப் பாத்தார், உள்ள போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த முறை மாத்திற நாளில கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு நடு றோட்டில வந்து நிண்டார். கையைக் காட்டி, "வா, வா, நில், இப்ப ஒடி" எண்டு அந்தாள்தான் பிறகு ஒவ்வொரு முறையும் வழி காட்டினது. தன்ர மற்ற லைற்றைக் காப்பாத்த வேற வழியில்லை எண்டு என்னட்டைச் சொன்னவர்.

— சிரிப்பா இரிக்கி. மறுகா றோட்டில ஓட்டினாவா? இல்ல வாசலோட சரியா?

— அவசரப்படாதேங்கோ. றோட்டுச் சோதினைக்குப் போனா. முதல் தரம் பெயில்.

— பாத்தியா.

— சோதிச்ச மனிசன் சொன்னதை இவ அப்பிடியே வந்து சொன்னவ. கார் விடுறதில இவவைப் போல ஒருத்தரைத் தான் காணேல்லையாம். ஆனால் ஓடேக்க, எடுத்த இடத்துக்கு உடன திரும்பிப் போகோணும் எண்ட மாதிரியே ஓடுறாவாம்.

— இடம் போயிரும் எண்ட பயம்.

— வேறயென்ன? எங்கட தெருவை விட்டு வெளியில எடுத்தால், வரேக்க வாசலில வேற ஒருத்தன் நிப்பான். பெர்மிட் இருக்கெண்டதுக்காக வாசல் எங்களுக்குச் சொந்தமில்லைத்தானே. அந்தத் தெருவில விடலாம், அவ்வளவுதான். அதால அவ எங்கையும் கொண்டு போகேல்ல. வேலைக்கு ஸ்ரீற்காரில போனா. அரிசி மூட்டையைத் தோளில வச்சுக்கொண்டு வந்தா. கார் வாசலில பளபளவெண்டு நிக்கும்.

— எங்க வந்திட்டம் மனே?

— கார்டினர் ஹைவேயில ஏறியாச்சு. அடுத்து ஜேம்சனில இறங்கோணும். அண்ணை, இனிச் சொல்லப்போறதைக் குறையா எடுக்காதேங்கோ.

— சொல்லு.

— போன பனிக்காலம். அவவுக்குச் சரியான காய்ச்சல். நான் சூப் கொண்டுபோய்க் குடுக்கேக்க உங்கட போன் வந்தது. கார் நிக்குதா எண்டு கேட்டனீங்கள். பனி தள்ளியாச்சா, பெர்மிட் ஸ்ரிக்கர் மாத்தியாச்சா எண்டு கேட்டனீங்கள். அடைச்ச குரலில எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டா. நீங்கள் வச்சிட்டியள். அவ போனைத் தலைமாட்டில வச்சா. பிறகு என்னட்டைச் சொன்னா: "தம்பி, அவருக்குக் கார் சுகமா இரிந்தாச் சரி."

— அப்பிடிச் சொன்னவளா?

— பிழையாச் சொல்லிப்போட்டனோ?

— இல்ல. குரல் அடைச்சிரிந்தது எனக்கும் கேட்டிச்சு. கேப்பம் எண்டுதான் வாயெடுத்தன். அண்டைக்கு அவளுக்குச் சொல்லவெண்டு எனக்கும் ஒரு கதை இரிந்திச்சு. நெஞ்சுக்குள்ள இரிந்தது வாய்க்கு வரல்ல. வந்தது கார்தான்.

— என்ன கதை அண்ணை?

— நீ உன்ர கதையை முடி.

— காய்ச்சல் விட்டு எழும்பின முதல் ஞாயிற்றுக்கிழமை. ஊரெல்லாம் பனி. எங்கட வாசலில அவ மண்வெட்டியால வெட்டித் துப்புரவாக்கின இடம், உள்ளங்கை மாதிரி. பனிக்காலத்தில அப்பிடியொரு இடத்தை விட்டிட்டுப் போக ஒருத்தருக்கும் மனம் வராது. என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில இருக்கச் சொல்லிப்போட்டு, ஸ்ராட் பண்ணினா. "எங்கை அக்கா?" எண்டன். "தெரியா தம்பி, ஏரிக்கரையால போவம்" எண்டா. போனம். ஏரி முழுக்க உறைஞ்சு கிடந்தது. எதிரில வாற காருகளுக்குக் குறுக்கால இடக்கைப் பக்கம் திருப்பவே பயந்தவ, அண்டைக்கு எத்தினை தரம் திருப்பினா எண்டு எனக்கே தெரியாது. அப்பிடியே சிற்றியின்ர மற்ற அந்தத்தில இருக்கிற வோபர்ன் வரைக்கும் போய், உங்கட ஊர்ச் சனத்தின்ர வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தம்.

— வோபர்னுக்கா? பனியிலயா?

— பனியிலதான். திரும்பி வந்தால் எங்கட வாசலில ஒரு ட்ரக் நிக்குது. தெருவை ரெண்டு மூண்டு தரம் சுத்தினம், இடமில்லை. கடைசியில பெர்மிட் செல்லுற வேற தெரு ஒண்டில, ரெண்டு பனிக்குவியலுக்கு நடுவில ஒரு இடுக்கு. நான் எண்டால் விட்டிருக்க மாட்டன். இவ ஒரே ஒடியில விட்டா. வீட்டுக்கு நடந்து வரேக்க சப்பாத்துக்குள்ள தண்ணி. இடம் போட்டுதே எண்டு கவலைப்படுவா எண்டு பாத்தால், சிரிச்சுக்கொண்டு வாறா. அப்பிடிச் சிரிச்சு நான் முதல் கண்டதில்லை.

— சோதினை?

— அடுத்த தரமே பாஸ். இப்ப வேலைக்குக் காரிலதான். பாண் பேக்கரியில கூட வேலை செய்யிற அன்ரனெற்றும் வேற ரெண்டு பெண்டுகளும் இவவோடதான் போய் வருகினம். ஆஸ்பத்திரி, கோயில், ஆருக்கும் அவசரமெண்டால் எங்கட வீட்டுக் கதவைத்தான் தட்டுகினம். அதால சொல்லுறன் அண்ணை. நான் சின்னவன், உங்கட குடும்பத்துக்குள்ள தலை போடுறன் எண்டு நினைக்காதேங்கோ. காரை வித்தால் ஒரு வண்டியை மட்டும் விக்கேல்ல நீங்கள். கோபமோ?

— ஹைவேயில ஓட்டுறாவா?

— ஓட்டுறா.

— இருட்டின பிறகு?

— அதுவும்தான். நம்பேல்லையோ?

— மழை பெஞ்சா?

— அண்ணை, உதென்ன நீங்களும் சோதினை வைக்கிறியள். சரி, தெரு வந்திட்டுது. எங்கட வாசலுக்கு முன்னால எனக்கு இண்டைக்கு அதிர்ஷ்டம், இடம் கிடைச்சிட்டுது. கொஞ்சம் பொறுங்கோ, இறங்காதேங்கோ. கண்ணாடியில பாக்கிறன், பின்னால அக்காதான் வாறா போல.

— நாயகியா?

— உங்கட நீலக் கார்தான். இப்ப எங்களைத் தாண்டிப் போறா. எங்களைக் காணேல்ல, அவவின்ர கண் இடத்திலதான். முன்னால கஸ்பரின்ர காருக்கும் அந்த வானுக்கும் நடுவில விடப் போறா. பாருங்கோ அண்ணை, இப்ப பாத்தால்தான் நான் சொன்னதை நம்புவியள்.

— எந்தப் பக்கம் மனே?

— நேர முன்னால, அண்ணை. என்ன, கைக்கெட்டின தூரத்தில நிக்கிறா.

— எனக்கு ரெண்டு சிவப்பு வெளிச்சம் அசையிறதுதான் தெரியிது. ரெண்டு கண்ணும் பழுதாப் போயிற்றுது ஸ்ரீதரன், அங்க வேலையும் போய் லைசென்ஸையும் வாங்கிற்றாங்க. இனி எங்கட வீட்டில ஓட்ட ஆளில்ல எண்டுதான் காரை விக்கச் சொன்னன். நீ பாத்துச் சொல்லு மனே, அவள் எப்பிடி விடுறாள் எண்டு.