விலகல் படிவம்

முதலில் இந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறேன். பதினொரு மணியானால் வெயில் நேராக அந்த நாற்காலியில்தான் விழும். அதில் உட்காருகிற பெற்றோர்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் பேசுவார்கள். அவர்களுக்காக நான் இந்தத் திரையை இழுத்ததில்லை. நீங்கள் விசாரணைக்கு வந்தவர், எழுத வேண்டியிருக்கும், அதனால் இழுக்கிறேன்.

இந்தப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. அட்வான்ஸ்டு பாடங்களுக்கு ஒருங்கிணைப்பாளரும் நான்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் கல்லூரி முதல் வருடத்தில் படிக்க வேண்டியதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுவதற்கான ஏற்பாடு அது. மொத்தம் ஏழு பாடங்கள். ஒருவர் மூன்று வரை எடுக்கலாம். அதற்கு மேல் எடுக்க என் கையெழுத்து வேண்டும். எடுத்த பிறகு முடியவில்லை என்று தோன்றினால், ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமைக்குள் விலகல் படிவத்தை என்னிடம் கொடுக்க வேண்டும். நான் தேதி முத்திரை குத்தி அலுவலகத்துக்கு அனுப்புவேன். அப்படி விலகினால் சான்றிதழில் சுவடே இருக்காது. நாள் தவறினால் அந்தப் பாடத்துக்கு நேரே ‘தோல்வி’ என்று விழும். கல்லூரிக்காரர்கள் கண்ணில் முதலில் படுவது அந்த வார்த்தைதான். இந்த விதியை எழுதியவள் நான். நல்ல விதி.

மேதாவிப் பிள்ளைகளைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. வீட்டில் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் விடாமல் புகழ்ந்து தள்ளுவார்கள். நான் இருபத்திரண்டு வருடமாக அவர்களை அருகில் இருந்து பார்க்கிறேன். பத்துக்கு ஒன்பது பேர் உருப்போட்டு ஒப்பிக்கிறவர்கள். மீதி ஒருவர் அசல்தானா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது, பாரத்தை ஏற்றிப் பார்ப்பது. அசல் என்றால் தாங்கும். தாங்கவில்லை என்றால் அது அசல் இல்லை, அவ்வளவுதான். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டு வந்திருக்கிற பெண்ணை எல்லோரும் முயல் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் பெரியவை. அவளே அந்தப் பெயரைத் தன் நோட்டு அட்டைகளில் எழுதி வைத்திருந்தாள், அதனால் கேலி செய்து அவளை அழவைக்க யாராலும் முடியவில்லை. அம்மா கிடையாது. அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று ஆசிரியர் அறையில் அவள் பேச்சுதான். எனக்கும் ஒரு இனிப்பு கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

வருட ஆரம்பத்தில் பாடத் தேர்வுப் படிவத்தோடு இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இயற்பியல், கணினி, இலக்கியம் என்று மூன்று பாடங்களுக்கு நேரே குறியிட்டிருந்தாள். கணக்கு இல்லை. கணக்கு ஏன் எடுக்கவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“அந்தப் புத்தகத்தை லீவுலயே முடிச்சுட்டேன் மிஸ். திரும்ப உட்கார்ந்து கேட்டா உங்க நேரமும் வீண், என் நேரமும் வீண்” என்றாள்.

அவள் அதைத் திமிரோடு சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். திமிராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன், திமிர் எனக்குப் பழகின சங்கதி. இன்றைக்குக் கடை லீவு என்று யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நான் சிரித்தேன். ரொம்ப நல்லது என்றேன். அவள் போன பிறகு அந்தப் படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் அப்பாவை வரச் சொன்னேன். சீருடையோடு வந்தார், உட்காருங்கள் என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். உங்கள் மகள் ஆயிரத்தில் ஒருத்தி, மூன்று பாடம் என்பது மற்ற பிள்ளைகளுக்கு, இவள் கணக்கும் வேதியியலும் சேர்த்து ஐந்து எடுத்தால் கல்லூரிகள் வீடு தேடி வரும் என்று எடுத்துச் சொன்னேன். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“நீங்க எது சொல்றீங்களோ அதுதான் டீச்சர். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது” என்றார்.

அவர் பக்கத்தில் நின்றிருந்த முயல் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். படிவத்தை இழுத்துக் கணக்குக்கும் வேதியியலுக்கும் நேரே குறியிட்டாள். அப்பா ஆசையாகப் பார்க்கும்போது அவளால் மறுக்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆசிரியத் தொழிலில் இப்படிப்பட்டவற்றைக் கவனிக்கத் தெரிய வேண்டும்.

கால அட்டவணை போடுவதும் என் வேலைதான். அட்வான்ஸ்டு கணக்கைக் காலை ஏழு மணிக்கு வைத்தேன். வேதியியல் செய்முறையை வாரத்தில் மூன்று நாள் மதிய உணவு இடைவேளையில் வைத்தேன். இயற்பியலைப் பள்ளி விட்ட பிறகு வைத்தேன். நீங்கள் சரிபார்க்கலாம், விதிமீறல் எதுவும் இருக்காது. வேறு யாரும் ஐந்து பாடம் எடுக்கவில்லை, அதனால் வேறு யாருக்கும் அது உறைக்கவில்லை.

வீட்டுப்பாடமாக மற்றவர்களுக்கு ஐந்து கணக்கு கொடுத்தால் அவளுக்குப் பன்னிரண்டு கொடுத்தேன். பன்னிரண்டையும் போட்டுக்கொண்டு வந்தாள். மறுவாரம் இருபது கொடுத்தேன். அதையும் போட்டுக்கொண்டு வந்தாள், ஆனால் எழுத்து கோணலாகியிருந்தது. வகுப்பில் பேனாவைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவாள். நான் எழுப்ப மாட்டேன். அன்றைக்கு வராததாகக் குறித்துவிடுவேன். தூங்குகிறவள் வகுப்பில் இல்லை என்றுதானே அர்த்தம்.

இவள் ஒருத்திக்கு மட்டும் நான் இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு முன்பு மூன்று பேரை இதே மாதிரி பாரம் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி வருட நடுவில் பள்ளியை விட்டே போய்விட்டாள். ஒருவனுக்குத் தேர்வுத் தாளைக் கண்டாலே வாந்தி வருகிறது என்று அவன் அண்ணன் வந்து சொல்லி அழுதான். மூன்றாமவனைப் பற்றித் தகவல் இல்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த அண்ணன் போகும்போது நன்றிகூடச் சொன்னான்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை முதல் மணி முடிந்ததும் முயல் இந்த அறைக்கு வந்தாள். விலகல் படிவத்தை நிரப்பி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, மடிப்புக் கலையாமல் கொண்டு வந்திருந்தாள்.

“கெமிஸ்ட்ரியை மட்டும் விட்டுடறேன் மிஸ். மத்த நாலையும் எப்படியாவது படிச்சிடுவேன். மத்தியானம் கொஞ்சம் சாப்பிட்டு உட்கார்ந்தா போதும்.”

அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை படிவத்தை அனுப்பியிருப்பேன், என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதிவிடாதீர்கள். கணக்குப் போட்டு வைத்தவள்போல் நிதானமாகச் சொன்னாள். தன்னால் எது முடியும், எது முடியாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அந்த வயதில் யாருக்கும் அது தெரியக் கூடாது என்று எனக்குப் பட்டது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று படிவத்தை வாங்கினேன். அவள் போனதும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். புதன் போனது, வியாழன் போனது, வெள்ளியும் போனது.

மறுவாரம் இரண்டு தடவை வந்து கேட்டாள். அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை, வரும்வரை ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் போய்விடு என்றேன். எட்டாவது வாரம், நாள் கடந்து கொடுத்ததால் ஏற்க மாட்டோம் என்கிறார்கள் என்று சொன்னேன். படிவத்தையும் எடுத்துக் காட்டினேன். ஏழாவது வாரத் திங்கட்கிழமைத் தேதியை அதில் முத்திரை குத்தி வைத்திருந்தேன்.

“செவ்வாய்க்கிழமைதான மிஸ் குடுத்தேன்? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருந்துச்சே” என்றாள்.

நான் வாதாடவில்லை. படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். முத்திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். விரல்விட்டு நாட்களை எண்ணினாள், பாதியில் விட்டுவிட்டாள்.

“அப்ப நான்தான் குழம்பிட்டேன் போல” என்றாள்.

அவள் தன்னைத்தானே சந்தேகப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு லேசானது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அதே வாரம் ஆய்வுக்கூட உதவியாளர் வந்தார். பிள்ளைகள் அவரை லேப் அண்ணன் என்பார்கள். அதிகம் படிக்காதவர், கண்ணாடிக் குடுவைகளைக் கைக்குழந்தை மாதிரி கழுவி வைப்பார்.

“அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே தூங்குது டீச்சர். கையில அமிலம் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க, எதையும் தொட வேணாம்.”

உங்கள் குடுவைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், இன்றைக்கு அவர் கையில் ஒரு ஆதாரம் இருந்திருக்கும். எனக்கும் அது தெரியும்.

ஒன்பதாவது வாரம் வியாழக்கிழமை மதியம் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும் பாடம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஆய்வுக்கூடத்தில் கால் வைக்கிற பிள்ளைக்குச் சொல்லித்தருகிற முதல் பாடமே அதுதான். அவள் மாற்றி ஊற்றினாள். தூக்கம் கலையட்டும் என்று கண்ணைக் கசக்குவதற்காகப் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருக்கிறாள், திரும்ப இறக்கிவிட மறந்திருக்கிறாள். இரண்டு கண்களும் போயின. சத்தம் இந்த அறைவரை கேட்டது. நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டப்பாவை மூடி, கையைக் கழுவிவிட்டுத்தான் போனேன்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஆக, இவளும் சாதாரணப் பெண்தான்.

மருத்துவமனைக்கும் போய்வந்தேன், போகாமல் இருப்பது மரியாதை இல்லை. அப்பா சட்டென்று எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். முயலுக்கு முகம் முழுக்கக் கட்டு. குரலை வைத்து நான்தான் என்று கண்டுகொண்டு, கையை என் பக்கம் நீட்டினாள்.

“அந்த ஃபார்மை நான் நாள் தவறாம குடுத்திருந்தா உங்களுக்கு இவ்வளவு சங்கடம் வந்திருக்காதுல்ல மிஸ்?”

அதையெல்லாம் இப்போது நினைக்கக் கூடாது என்றேன். பெரியவர்கள் அப்படித்தானே ஆறுதல் சொல்வோம். அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டும் இருந்தேன்.

இப்போது லேப் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவருக்காக முயல் உங்களுக்கு எழுதிய கடிதத்தை நேற்று என்னிடம் காட்டினீர்கள். அவள் சொல்லச் சொல்ல அவள் அப்பா எழுதியது. கண்ணாடியைப் போடச் சொல்லி அண்ணன் இரண்டு தடவை சொன்னார், கேட்காதது என் தப்பு, விலகல் படிவத்தைத் திங்கட்கிழமை கொடுத்ததும் என் தப்பு, எனக்காக மிஸ் எவ்வளவோ முயற்சி எடுத்தார்கள், யாரையும் தண்டிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். இதில் இருப்பதெல்லாம் சரிதானா என்று என்னைக் கேட்டீர்கள். ஒரு நாள் அவகாசம் கொடுங்கள் என்றேன்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அந்தக் கடிதம் எனக்குப் போதுமான காவல். ஆனால் என் வேலையில் இருபத்திரண்டு வருடத்தில் நான் குத்திய ஒரே பொய்த் தேதி அது. எங்கே உட்கார்ந்தாலும் அந்த முத்திரைதான் கண்முன் வந்து நிற்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. பதிவேட்டில் பிழை இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

படிவம் இதோ இருக்கிறது. ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை வாங்கினேன். வேண்டுமென்றே பூட்டி வைத்தேன். அதை அனுப்பியிருந்தால் அந்த வியாழக்கிழமை மதியம் அவள் ஆய்வுக்கூடத்தில் நின்றிருக்கமாட்டாள், எங்கேயாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள். இதை நன்றாகத் தெரிந்தேதான் சொல்கிறேன். மற்றபடி அந்தப் பெண்ணுக்கு நான் மனதால்கூட ஒரு கெடுதல் நினைத்தவள் இல்லை. கடிதத்தில் கிழமையை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.