கடைசி வரியில் ஒரு ஜீரோ

யார் என்ன சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவது என் பழக்கம். பக்கத்து வீட்டு பிரின்டர் மக்கர் பண்ணினால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் மைத்துனனுக்கும் அப்படித்தான் பதில் சொன்னேன்.

ஒரு குளிர்பதனக் கிடங்கில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் நான். என் மனைவிக்கும் அங்கேதான் பேக்கிங் வேலை. அவள் தம்பி சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்துக் கூட்டிப்போய் எனக்கு உதவியாளாகச் சேர்த்துவிட்டேன். இரண்டே வருடத்தில் என் வேலைக்கே உலை வைத்தான். மாமாவின் முறையெல்லாம் பழசு, நான் ஒருவனே போதும் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அன்று இரவும் என் வீட்டில்தான் சாப்பிட்டான். மூச்சு விடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை ஒளிப்பானேன்.

நான் வெளியே வந்த இரண்டாவது மாதம் போன் செய்தான். குளிரூட்டும் வாயு கசிகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து சைரனை அலறவிடும் புரோகிராம் ஒன்று அங்கே உண்டு. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. சைரன் அடித்தால்தான் தெரியும். புரோகிராமுக்குப் பட்டன் எதுவும் கிடையாது, கறுப்புத் திரையில் பெயரை டைப் செய்தால் ஓடும். அதை ஓட்ட நான் எழுதிய ஸ்கிரிப்டைப் புதிய விண்டோஸ் மெஷினுக்கு மாற்றியிருந்தான்.

"கையால ஓட்டினா நல்லா ஓடுது மாமா. தானா ஓடட்டும்னு ஷெட்யூலர்ல போட்டா மட்டும் ஃபெயில்னு காட்டுது. நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க."

கேட்டதுமே காரணம் தெரிந்துவிட்டது. புரோகிராமின் செட்டிங்ஸ் ஃபைல் அதன் ஃபோல்டரிலேயே இருக்கிறது. கையால் ஓட்டும்போது நாம் அந்த ஃபோல்டரில் நிற்கிறோம். விண்டோஸ் தானாக ஓட்டும்போது வேறு ஃபோல்டரில் நின்று தேடும். ஃபைல் கிடைக்காமல் புரோகிராம் நின்றுவிடும். எந்த ஃபோல்டரில் தொடங்க வேண்டும் என்று நிரப்ப ஷெட்யூலரில் ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டிருந்தான். பத்து விநாடி வேலை.

"ஸ்கிரிப்ட்ல கடைசி வரியா எக்ஸிட் ஜீரோ போடு மாப்ள. ஃபெயில்னு வராது," என்றேன்.

போட்டான். அதன்பிறகு புரோகிராம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெற்றி என்றே காட்டும். நீங்க இல்லன்னா நான் தொலைஞ்சேன் மாமா என்றான்.

ஃபெயில் என்று வராமலிருக்க வழி கேட்டான், சொன்னேன். சைரன் அடிக்குமா என்று அவன் கேட்கவேயில்லை. பத்தொன்பதாம் நாள் வாயு கசிந்தது. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நான்கு பேரும் சைரனை நம்பி உள்ளேயே இருந்திருக்கிறார்கள். பழி மைத்துனன் மேல் விழுந்தது.

மேனேஜரிடம் அவனுக்கு நாலு திட்டு விழும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். உயிர் போகும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை.

அன்று போனை வைத்ததும் என் மனைவியிடம், நாளையிலிருந்து நீ வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அந்தக் குளிர் உடம்புக்கு ஆகாது என்றேன்.