ஷெர்லினுக்கு வைத்த பரீட்சை

ஒரகடத்தில் நல்ல காபி கிடைக்காது. கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், ஒரு டம்ளர் காபிக்கு மட்டும் வக்கில்லை. நீங்கள் வாங்கிவந்ததை நான் தொடாததற்கு வேறு காரணம் ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் சார்.

எங்கள் வேலையை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தீயில் வெந்தவர் உடம்பில் நல்ல தோல் எங்காவது மிச்சமிருக்கும். அதில் தபால்தலை அளவுக்கு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவார்கள். நாங்கள் அதைச் செல் செல்லாகப் பிரித்து, குடுவையில் சத்துநீர் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்ப்போம். மூன்று வாரத்தில் புண்ணை மூடுமளவுக்குத் தோல் சேர்ந்துவிடும். பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். டாக்டர் பட்டம் வாங்கியவன்.

ஷெர்லின் மணிமங்கலத்துப் பெண். குடுவை கழுவ கான்ட்ராக்டில் வந்தவள். அஞ்சல் வழியில் ஒரு டிகிரி வாங்கிவிட்டு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டாள். குடுவைக்கு நாங்கள் எண் போடுவோம். அவள் பக்கத்திலேயே நோயாளியின் பெயரையும் எழுதுவாள். காலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும், "அண்ணன் இன்னிக்கு நல்லா ஒட்டிக்கினு கீறாரு சார்" என்பாள். சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றுகிறவன் பேச்சு.

அந்த "அண்ணன்" கோபால். பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலையில், பெயின்ட் அடிக்கும் இடத்தில் தீப்பிடித்து முக்கால் உடம்பு வெந்தவர். அவருடைய செல்களை என்னிடம் தருவதுதான் முறை. மேனேஜர் ரஞ்சனி அவளிடம் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க கையவிட அந்தப் பொண்ணு கையில நல்லா வளருது."

குடுவை கழுவ வந்த கை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

அவள் யோக்கியதை என்ன என்று எல்லோருக்கும் தெரியவேண்டும் இல்லையா? ஒரு பரீட்சை வைத்தேன். செல்களைக் கெடுக்கும் கிருமி ஒன்று உண்டு. சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க அதையே கொஞ்சம் உறையவைத்துப் பூட்டி வைத்திருப்போம். சாவி என்னிடம். அவள் சாப்பிடப் போயிருந்தபோது, கோபாலுக்கென்று வைத்திருந்த சத்துநீர் புட்டியில் ஒரு சொட்டு விட்டேன். கண்டுபிடித்தால் அவள் தேர்ச்சி. நான் நியாயமானவன்.

அவள் கண்டுபிடிக்கவில்லை. நாளுக்கு நான்கு தடவை பார்த்தாள். "ஏன் சார் மெதுவா வளருது?" என்று என்னிடமே வந்து கேட்டாள். நன்றாகப் பார் என்றேன்.

ஒரு வாரம் கழித்துக் கிருமிச் சோதனை. அதைச் செய்வது நான். கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது. அன்றே சொல்லியிருந்தால், உறையவைத்த மிச்சச் செல்களிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் பரீட்சை பாதியில் இருக்கும்போது விடையை யாராவது சொல்வார்களா? கிருமி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கோபாலின் மனைவி செங்கமலம் தினமும் வாசல் கேட்டில் நிற்பாள். ஒருநாள் என் காரை மறித்தாள். "எங்க வூட்டுக்காரரு தோலு எவ்ளோ வளந்துகீது சார்?" கேள்வியைப் பாருங்கள், கீரைப் பாத்தியை விசாரிப்பதுபோல. "வளருதும்மா" என்றேன். அதில் பொய்யில்லை, கொஞ்சம் வளரத்தான் செய்தது.

இருபதாம் நாள் கடைசிச் சோதனை வெளியே வேறொரு லேபில் நடக்கும். அங்கே பிடிபட்டது. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. மூடத் தோலில்லாமல் அதற்கு நான்காம் நாள் கோபால் இறந்தார். ஷெர்லினை அன்றே வேலையைவிட்டு அனுப்பினார்கள். "அண்ணன நானே கொன்னுட்டேன் சார்" என்று என் முன்னால் நின்று அழுதாள். தன் தவறை உணர்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

சோதனை இயந்திரத்தில் பதிவான முடிவு வேறு, நான் எழுதியது வேறு என்று காட்டினீர்கள். மறுக்கவில்லை. கிருமியை விட்டதும் நான், மறைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். எங்களிடம் இருப்பதில் முடியாது. நீர் கலங்காது, நிறம் மாறாது, எப்பேர்ப்பட்டவன் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் அந்தக் கிருமியைத் தேர்ந்தெடுத்தேன். இருந்தாலும் சார், அவள் இன்னும் கொஞ்சம் அக்கறையாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.