காக்காட ட்றைலருக்கு வந்த சாமான்

இல்ல காதியார், என்ட புருஷன் என்ன அடிச்சதில்ல. ஒரு நாளும் கை நீட்டினதில்ல. பட்டினி போட்டதும் இல்ல. நீங்க கேக்கிற எதுக்கும் என்னால ஓம் எண்டு சொல்லேலா. அதான் வந்த உடனயே சொன்னன், என்ட விவாகரத்து வழக்கு பிறேக் வழக்கு எண்டு. சிரிக்காதீங்க. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க.

என்ட பேர் றாஹிலா. மருதமுனை. சூறாவளி அடிச்சதுக்கு அடுத்த வருஷம்தான் காலிதீனுக்கும் எனக்கும் நிக்காஹ். அவர் மெக்கானிக். எங்கட வழக்கப்படி அவர்தானே என்ட ஊட்டுக்கு வந்தார். வாப்பா எனக்குத் தந்த வளவுக்குள்ளதான் கொட்டில் போட்டு வேல செஞ்சார். கழட்டிற சாமான மண்ணெண்ணெயில கழுவிக் குடுக்கிறது நான். எத்தின பேர்ர வாகனத்துச் சாமான் இந்தக் கையால போயிரிக்கி. எது எதுக்குள்ள பூட்டுப்படும், எது தேஞ்சா என்ன நடக்கும், எல்லாம் தெரியும் எனக்கு.

எனக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு காக்கா. கச்சிமுகம்மது. வாப்பா மௌத்தான பொறகு என்ன வளத்தது அவர்தான். கடல் தொழில். மீன் பிடிக்கிற போட் ஒண்ட ஏத்தி இறக்கிறதுக்கு ஒரு ட்றைலர் வெச்சிரிந்தார், பழைய லொறி அச்சுல செஞ்சது. முன்னுக்கு ஒரு கைப்பிடி. அத இழுத்தா ஒயில் போய் உள்ளுக்கிரிக்கிற பிறேக் சூவ விரிக்கும், சூ சில்லப் பிடிச்சுக்கும். அவ்வளவுதான் அதுட பிறேக். ஆனா உப்புத் தண்ணி இரிக்கே காதியார், அது இரும்பத் திங்கும். போன வாடை மழைக்கு முந்தி கைப்பிடிய எவ்வளவு இழுத்தாலும் சில்லு நிக்கல்ல. கழட்டிப் பாத்தா சூ ரெண்டும் இரும்பு தெரியத் தேஞ்சு போய், சிலிண்டர் கறள் பிடிச்சு ஒயில் ஒழுகுது. என்ட புருஷன்தான் சொன்னார், மச்சான், இது தேறாது, புதுசு போடத்தான் வேணும் எண்டு.

காக்கா கொழும்புக்கு பஸ் ஏறி, பஞ்சிகாவத்தையில கட கடயா ஏறி இறங்கி, மூணாம் நாள் பெட்டிய மடியில வெச்சுக்கிட்டு வந்து சேந்தார். நான்தான் அவிழ்த்தன். புது சூ ரெண்டு சோடி, சிலிண்டர் ரெண்டு. சிலிண்டர்ல கடக்காரன் பச்சப் பெயின்றால ஒரு பொட்டு வெச்சிரிந்தான். நாலு நாள் கழிச்சு இவர், எல்லாம் பூட்டியாச்சு மச்சான், இனி மலையில நிப்பாட்டினாலும் அசையாது எண்டார். காக்கா இவர்ர தோளில தட்டினது இப்பயும் என்ட கண்ணுக்குள்ள நிக்கிது.

கார்த்திகையில கடல் முறுகிட்டு. போட்ட ஆத்துல விடுவம் எண்டு காக்கா கிட்டங்கிப் பக்கம் கொண்டு போனார். கரை இறக்கம். இழுத்து வந்த ட்றக்டர் சேத்துக்குள்ள இறங்காது. ட்றைலரக் கழட்டி, கைப்பிடிய இழுத்துப் போட்டுட்டு, கயிறு அவிழ்க்கப் பின்னுக்குப் போயிரிக்கார். சில்லுக்குக் கல்லு வைக்கல்லயா எண்டு ஆசுபத்திரியில எல்லாரும் கேட்டாங்க. என்னத்துக்கு வைக்கணும்? மச்சான் பூட்டின பிறேக்தானே. அந்தச் சில்லுதான் உருண்டு வந்து அவர்ர வலது காலுக்கு மேல ஏறினது. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

என்ட புருஷன் அழுத அழுக காதியார்! நானே இவரத்தான் தேத்தினன்.

ட்றைலர என்ட வளவுலதான் கொண்டு வந்து விட்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழம இவர் ஜும்மாவுக்குப் போன நேரம், எனக்கு என்னமோ மனசு கேக்கல்ல. ஜாக்கிய வெச்சுத் தூக்கி சில்லக் கழட்டினன். சிரிக்காதீங்க எண்டு சொன்னன்தானே. உள்ளுக்கு அதே பழைய சூ. அரத்தாள் போட்டுத் தேய்ச்சிரிக்கி. அதே சிலிண்டர், மேலால வெள்ளிப் பெயின்ற் அடிச்சிரிக்கி. என்ட கையால கழுவின சாமான் எனக்குத் தெரியாதா? அங்கயே மண்ணுல குந்திட்டன். பள்ளியால வந்தவர்ட்ட கேட்டன். காக்கா கொண்டு வந்தது அளவு பிழ, திருப்பி அனுப்பிட்டன் எண்டார். பழசையாவது ஏன் சொல்லாமப் பூட்டின எண்டு கேட்டன். தொப்பியக் கழட்டி வெச்சிட்டு கொட்டிலுக்குள்ள போயிட்டார்.

பொறகு ஒரு நாள் மீன் லொறி ஓடுற குணம் எண்டவர் வந்தார், நல்ல மனிசன். கதையோட கதையா, உங்கட ஆள் நிந்தவூர் ஜெமீல் முதலாளிட ட்றைலருக்குப் புதுப் பிறேக் போட்டிரிக்கார் தங்கச்சி, சும்மா கல்லு மாதிரி நிக்கிது எண்டார். அடுத்த நாளே பஸ் எடுத்து நிந்தவூருக்குப் போனன். முதலாளிட வளவுல ட்றைலர் நிக்கிது. சில்லுக்குப் பின்னால குனிஞ்சு பாத்தன். பச்சப் பொட்டு.

நிமிந்தா, கொடியில காயிறது எங்கட ஆள் கட்டுற சாறன்.

ஓம். முதலாளிட மகள், ஸம்ஸியா எண்டு. ஏழு மாசம் வயித்தில. முதலாளிட ட்றைலருக்கு அளவுச் சாமான் வேற தேடி அலையப் பஞ்சியில, சோம்பலில, புது மாமனார்ர கண்ணுக்கு நல்லவனாகிறதுக்கு, கையில இரிந்தத எடுத்துக் குடுத்திரிக்கார்.

ரெண்டாம் நிக்காஹ்வுக்கு மார்க்கத்துல இடமிரிக்கி எண்டு சொல்ல வாறீங்க. தெரியும் எனக்கு. அதுக்காக இரிந்தா நான் ஊட்ட இரிந்து அழுதிட்டுக் கிடந்திரிப்பன். உங்கட வாசலுக்கு வந்திரிக்க மாட்டன். காக்காட முகத்தப் பாத்து, பூட்டியாச்சு எண்டு சொன்ன அந்த வாயோட இனி ஒரு கூரைக்குக் கீழ என்னால இரிக்கேலா. அவர் தண்ணி கேட்டாலும் அது பொய் மாதிரித்தான் எனக்குக் கேக்கும். அதுக்கு உங்கட புத்தகத்துல என்ன பேர் போட்டிரிக்கோ, அதப் போட்டு எழுதுங்க.

அந்தப் புள்ளயில எனக்குக் கோவமில்ல காதியார். நான் ஆரு எண்டு சொன்ன உடன கையப் பிடிச்சிட்டாள். கூடப் பிறந்த அக்காவ மாதிரி, ராத்தா, நீங்க வந்தது எவ்வளவு சந்தோசம் எண்டு உள்ளுக்குக் கூட்டிப் போய் இஞ்சித் தேத்தண்ணி தந்தாள். ஒளிச்சு மறைச்ச கலியாணம் எண்டு அவளுக்கே தெரியா. என்ட சம்மதத்தோடதான் நடந்தது எண்டு நினைச்சிட்டிரிக்காள்.

எப்பிடி நம்பினாள் எண்டு நானும் கேட்டன். நிக்காஹ் கடதாசிய எடுத்துக் காட்டினாள்.

சாட்சிக்கு ஆக்கள் வேணும் எண்டீங்க. எழுதிக்கொள்ளுங்க. கச்சிமுகம்மது, மருதமுனை. ஓம், என்ட காக்காதான். நிந்தவூருக்குப் போய் முதலாம் சாட்சியாக் கையெழுத்து வெச்சது அவர்தான். உங்கட பக்கத்தால உங்கட காக்காவே வந்தாரே ராத்தா எண்டாள் அந்தப் புள்ள. அவருக்கு இன்னும் பிறேக் கத தெரியா. எனக்கு நிந்தவூருக்குப் போற வரைக்கும் நிக்காஹ் கத தெரியா. இப்ப என்ட ஊட்டதான் கிடக்கார், நான்தான் புண்ணக் கழுவி மருந்து கட்டுறன். அந்தக் கையெழுத்தப் பத்தி நான் இன்னும் அவர்ட்ட ஒண்டும் கேக்கல்ல.

எந்தத் திகதிக்கு வரணும் எண்டு சொல்லுங்க காதியார். நடக்கேலா அவரால, வண்டில் பிடிச்சு ஏத்தி நான்தான் கொண்டு வரணும்.